புளிப்பும் காடியும்

நம் தாய்மொழியில் 'புளித்தல்' என்னும் சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. மாவு புளித்துவிட்டது என்று இல்லத்தரசி மகிழ்ச்சியோடு சொல்வாள். மோர் புளித்துவிட்டது என்று முகம் சுளிப்பாள். முன்னது பக்குவம்; பின்னது பக்குவம் தவறியது. ஆக்கத்தையும் அழிவையும் ஒரே சொல்லால் குறித்த நம் முன்னோர், இரண்டும் ஒரே வழியில்தான் தொடங்குகின்றன என்பதை அறிந்திருந்தார்கள் போலும். எந்த இடத்தில் அவை பிரிகின்றன என்பதை நாவும் மூக்கும்தான் சொல்ல வேண்டும்.

இதே மொழியில் தெளிந்த மதுவுக்குத் 'தேறல்' என்று பெயர். குறிஞ்சி நிலத்து மக்கள் தேனால் ஆன மதுவை நெடிய மூங்கிற் குழாய்களில் விளையவைத்துச் சுற்றத்தாரோடு அருந்தினர் என்னும் செய்தி திருமுருகாற்றுப்படையில் வருகிறது. தேறுதல் என்றால் தெளிதல், நோயிலிருந்து மீளுதல், துயரத்திலிருந்து எழுதல். கலங்கிய தண்ணீரைத் தெளியவைப்பதற்குப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்த காலம் ஒன்று நம் ஊர்களில் இருந்தது. தூய ஆவியாரைத் 'தேற்றரவாளர்' என்று அழைக்கும்போது நாம் எடுத்தாள்வதும் இதே வேர்ச்சொல்லைத்தான்.

மதுவைப் பற்றி எழுதுவதற்கு ஒரு பங்குத்தந்தைக்கு என்ன வேலை என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. குடியினால் சீரழிந்த குடும்பங்களின் கண்ணீரை ஒப்புரவுத் தொட்டியிலும் வீட்டுத் திண்ணைகளிலும் கண்டவர்கள் நாம். 1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிவைத்த காலம் முதல், 2003இல் அரசே சில்லறைக் கடைகளைத் திறந்த காலம் வரை, இந்த மாநிலம் இந்தப் பொருளில் ஒரு நிலையில் நின்றதே இல்லை. ஆனால் ஒன்று மாறவில்லை. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின்படி, உரிமமின்றி வீட்டில் மது வடிப்பது இன்றும் குற்றமே. ஆகையால் இக்கட்டுரையைப் படித்துவிட்டு எவரும் குடுவையைத் தேட வேண்டாம். நாம் சொல்ல வருவது மதுவை வடிக்கும் முறையை அன்று. அந்த முறையைக் காண நேர்ந்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் நாம் செய்த ஒரு தவறு ஏன் தவறாயிற்று என்பது விளங்கியது. அதைத்தான் சொல்ல வருகிறோம்.

2018ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நான்கு மாதங்கள் இங்கிலாந்தில் ஒரு பங்கிலே உதவிப் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. அங்கே கணபதியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தைச் சந்தித்தோம். குடும்பத் தலைவர் சத்தி ரோட்டை ஒட்டிய ஒரு லேத் பட்டறையில் வேலை கற்றவர். இப்போது அந்நாட்டில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறார். அவர் குடியிருந்த வீட்டின் பின்புறம் ஒரு முதிய ஆப்பிள் மரம் நின்றது. பிராம்லி என்னும் சாதி. நாட்டிங்ஹாம் மாவட்டத்துச் சவுத்வெல் என்னும் ஊரில் 1809இல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்னும் சிறுமி ஊன்றிய விதையிலிருந்து வந்த மரத்தின் வழித்தோன்றல்கள்தாம் உலகிலுள்ள பிராம்லி மரங்கள் அனைத்தும். கண்ணைக் கவரும் பெரிய பச்சைக் காய். ஆனால் பல்லைக் கூசவைக்கும் புளிப்பு. அங்குள்ளோர் அதைச் சமைத்துத்தான் உண்கின்றனர். நம் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விளையும் ஆப்பிளின் புளிப்பை அறிந்த நமக்கே அது சற்று மிகையாகத்தான் இருந்தது.

அந்நாட்டில் சொந்த உபயோகத்திற்காக வீட்டில் மது வடிக்கச் சட்டத்தில் தடையில்லை. அண்டை வீட்டு முதியவர் ஒருவர் நம் நண்பருக்கு வழி சொல்லிக்கொடுத்திருந்தார். ஆப்பிளைப் பிழிந்து சாறெடுத்து, நாலரை லிட்டர் கொள்ளும் இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றி, குடுவைக்கு முக்கால் கிலோ தேன் கலந்து, ஈஸ்ட் இட்டு, உள்ளிருந்து காற்று வெளியேற மட்டும் வழிவிடும் அடைப்பானைப் பொருத்தி வைத்தார் நண்பர். ஆப்பிளும் தேனும் சேர்ந்த மது ஐரோப்பாவில் பழமையானது. நம் நாட்டிலும் புனேயில் மூன்ஷைன் மீடரி என்னும் நிறுவனம் இதைச் செய்து விற்கிறது. குடுவைகள் மாடிப்படியின் கீழே இரவும் பகலும் முணுமுணுத்துக்கொண்டிருந்தன. நவம்பர் இறுதியில் முணுமுணுப்பு அடங்கியது. ஒரு மாலையில் நண்பர் சிறு குவளையில் எடுத்து நீட்டினார். சுவைத்தோம். கொடிக்காய்ப்புளியும் இனிப்பு என்று தோன்றிவிட்டது!

தேன் அவ்வளவு சேர்த்தோமே, அந்த இனிப்பு எங்கே போயிற்று? இங்கேதான் நாம் அறியாத ஒரு செய்தி இருந்தது. தேனின் சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்றுவிடுகிறது. இனிப்பு போன பிறகு எஞ்சுவது, அதுவரை இனிப்பினால் மறைந்திருந்த புளிப்பு. ஆப்பிளில் உள்ளது மாலிக் அமிலம். அது போதாதென்று தேனிலும் புளிப்பு உண்டு. குளூக்கோனிக் அமிலம் என்னும் அதைத் தேனீயின் உமிழ்நீரிலுள்ள நொதிப்பொருளே உண்டாக்குகிறது. ஏறத்தாழ தக்காளியின் அளவுக்குத் தேனும் அமிலத்தன்மை உடையது என்றால் நம்மில் எத்தனை பேர் நம்புவோம்? நாவு இனிப்பைக் கண்டு மயங்கி, அடியில் கிடக்கும் புளிப்பை அறியாமல் போகிறது. இனிய மொழி பேசும் மனிதரிடமும் எத்தனை புளிப்பு அடியில் கிடக்கிறது என்பது, அந்த இனிப்பைக் காலம் தின்று முடித்த பிறகே தெரியவரும். இது இருக்கட்டும்.

நண்பர் ஒரு சிறு சோதனைக் கருவியால் அளந்து பார்த்தார். லிட்டருக்கு 9 கிராம் அமிலம். 6 கிராம் அளவில் இருந்தால் நாவுக்கு இதமாக இருக்கும் என்றது அண்டை வீட்டு முதியவரின் குறிப்பு. என்ன செய்வது? அப்போது, ஆலோசனை சொல்ல வேண்டிய தேவை இல்லாத நாம் ஆலோசனை சொன்னோம். ஈரோடு மாவட்டத்தில் கவுந்தப்பாடிப் பக்கம் வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டகைகளை நாம் பார்த்திருக்கிறோம். கரும்புச் சாறு கொதிக்கையில் அதன் புளிப்பை முறிப்பதற்காகச் சுண்ணாம்புத் தெளிவு சேர்ப்பார்கள். பனையேறிகள் பதநீர்க் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதும் புளிக்கவிடாமல் காப்பதற்குத்தானே? சுண்ணாம்பு போட்டால் என்ன என்று கேட்டோம். அந்நாட்டு மது வடிப்போரும் கால்சியம் கார்பனேட் என்னும் தூய சுண்ணாம்பு மாவையே இதற்குப் பயன்படுத்துகின்றனர் என்று அறிந்தபோது, நமக்கு அடக்க முடியாத பெருமிதம்.

ஒரு கிராம் மாலிக் அமிலத்தை முறிக்க ஏறத்தாழ முக்கால் கிராம் சுண்ணாம்பு மாவு வேண்டும். நாலரை லிட்டரில் லிட்டருக்கு 3 கிராம் குறைப்பதற்குப் பத்து கிராம் போதும். நண்பர் ஒரு குடுவையில் பத்து கிராம் இட்டார். நுரை பொங்கி அடங்கியது. உடனே சுவைத்துப் பார்த்தோம், இன்னும் புளித்தது. சுண்ணாம்பு கரைந்து வேலையை முடிப்பதற்கு நேரம் வேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. ஏற்கெனவே புளிப்பில் ஊறிய நாவு நீதிபதியாக இருக்கத் தகுதியற்றது என்பதையும் எண்ணவில்லை. "இன்னும் கொஞ்சம்" என்றோம். பிறகு இன்னும் கொஞ்சம். மொத்தம் இருபது கிராம் போயிருக்கும். மற்றக் குடுவையைத் தொடாமல் விட்டதற்குக் காரணம் நம் அறிவு அன்று, சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது.

கிறிஸ்து பிறப்பு விழா விருந்தில் முதற் குடுவையின் மது எல்லாருக்கும் பிடித்திருந்தது. மென்மையாக, எவரையும் நோகடிக்காமல், எதிர்ப்பே இன்றி இறங்கியது. சற்று உப்பிய, மண்போன்ற ஒரு சுவை அடியில் இருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் குடுவையில் ஒரு மிடறு எடுத்தவர்கள் முகத்தைச் சுருக்கி அப்பால் வைத்தார்கள். சனவரியில் நாம் ஊர் திரும்பினோம்.

அடுத்த ஆண்டு கோடையில் நண்பர் தொலைபேசியில் சொன்னார்: முதற் குடுவை காடியாகிவிட்டது. அடைப்பானைத் திறந்ததும் மூக்கைத் துளைத்ததாம். தோட்டத்தில் கொட்டிவிட்டார். இரண்டாவது? சித்திரை வெயில் வந்தபோது அந்தக் குடுவையில் மறுபடியும் சிறு குமிழிகள் கிளம்பினவாம். தோட்டத்தில் ஆப்பிள் பூக்கும்போது பீப்பாயிலுள்ள ஆப்பிள் மதுவும் அதை நினைத்து அசைகிறது என்று அந்நாட்டுப் பழைய குடியானவர்கள் சொல்வதுண்டு. அறிவியல் வேறு காரணம் சொல்கிறது. வெப்பம் ஏறும்போது ஒருவகை நுண்ணுயிர் விழித்து, கூரிய மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. லாக்டிக் அமிலம் நமக்கு அந்நியம் அன்று. தயிரின் புளிப்பு அதுவே. இந்த மாற்றத்தில் புளிப்பின் வலிமை ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. எவரும் எதையும் சேர்க்காமல், தனக்குரிய காலத்தில், அந்த மது தானே தேறிவிட்டது.

ஒரே மரம், ஒரே தேன், ஒரே மாடிப்படி. இரண்டு குடுவைகளிலும் சுவை பார்க்க எடுத்த அளவுக்கு மேலே காற்றுக்கு இடமிருந்தது. அப்படியிருக்க ஒன்று கெட்டு, மற்றது பிழைத்தது எப்படி? நாம் இதைப் பற்றிப் பிறகு சற்று ஆழமாகப் படித்தோம். புளிப்பு என்பது நாவை வருத்தும் சுவை மட்டும் அன்று. அது மதுவின் காவலன். அமிலம் மிக்க இடத்தில் கேடு விளைவிக்கும் பல நுண்ணுயிர்கள் தலையெடுப்பதில்லை. மது கெடாமலிருக்க மேலைநாட்டார் சேர்க்கும் கந்தக டைஆக்சைடு கூடப் புளிப்பின் துணையோடுதான் வேலை செய்கிறது. அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். எண் 3.2 ஆக இருக்கும் மதுவில் அதன் காக்கும் ஆற்றல், அந்த எண் 3.8 ஆக இருக்கும் மதுவில் உள்ளதைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. எண் குறைந்தால் புளிப்பு மிகுதி என்பதை நினைவிற் கொள்க. நாம் நாவின் இதத்திற்காகப் புளிப்பைக் களைந்தோம். களைந்தபோது காவலையும் களைந்தோம். காவல் போன வீட்டில் நுழைந்தது இன்னொரு புளிப்பு. அசிட்டிக் அமிலம், அதாவது காடி. நற்புளிப்பை ஒழித்த இடத்தில் கெட்ட புளிப்பு குடியேறியது. ஒரு குடுவையைக் கொண்டு பொதுவிதி வகுக்க முடியாது என்று வாசகர் சொல்லலாம்; ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்தத் தொலைபேசி உரையாடலுக்குப் பிறகு நமக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் மது அன்று.

அதைச் சொல்வதற்கு முன், குருமடத்தில் படித்த ஒன்றை நினைவுகூர வேண்டும். தூய தோமா அக்குவினார் தம் 'இறையியல் தொகுப்பு' நூலின் மூன்றாம் பகுதியில், 74ஆம் வினாவின் கீழ், திருப்பலிக்கு எந்த இரசம் ஏற்றது என்று ஆராய்கிறார். (1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு 924ஆம் எண்ணில் சொல்வதும் அதன் சாரமே: திராட்சையின் இயற்கை இரசமாக இருக்க வேண்டும், கெட்டதாக இருத்தல் ஆகாது. ஆகவே நம் நண்பரின் ஆப்பிள் மதுவுக்குப் பீடத்தில் இடமில்லை என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.) அங்கே அவர் மூன்றைப் பிரித்துப் பேசுகிறார். பழுக்காத திராட்சையின் புளித்த சாறு இன்னும் இரசம் ஆகவில்லை; ஆக்கத்தின் வழியில் நிற்கிறது. காடியோ இரசத்தின் நிலையைக் கடந்துவிட்டது, அழிவால் வந்தது. இவ்விரண்டுக்கும் நடுவே, காடியாகிக்கொண்டிருக்கும் இரசம் ஒன்று உண்டு. அது இன்னும் இரசமே, ஆயினும் அழிவின் வழியில் செல்கிறது. அரிஸ்டாட்டிலின் துணைகொண்டு அவர் சொல்லும் கருத்து கடுமையானது: காடியிலிருந்து இரசத்திற்குத் திரும்பும் பாதை இல்லை.

மாணவப் பருவத்தில் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். பீடத்துக் கிண்ணத்தைப் பற்றிய நுணுக்கம் என்றே எண்ணினோம். ஆனால் பாருங்கள்: பழுக்காத புளிப்பும், கெட்டுப்போன புளிப்பும் நாவில் படும்போது ஒரே மாதிரிதான் முகத்தைச் சுருக்கவைக்கின்றன. ஒன்று எதிர்காலம் உடையது. மற்றது இறந்தகாலம் மட்டுமே உடையது. இவை இரண்டையும் வேறுபடுத்தத் தெரியாதவன் கையில் சுண்ணாம்பைக் கொடுத்தால் என்ன ஆகும்? சுண்ணாம்புக்கு நற்புளிப்பு, கெட்ட புளிப்பு என்னும் வேறுபாடு தெரியாது.

இப்போது நம் தவற்றைச் சொல்வோம். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பகுதியில் நாம் பணியாற்றிய பங்கில், பங்குப் பேரவையில் ஒரு பெரியவர் இருந்தார். வெல்லம் காய்ச்சுவதையே தொழிலாகக் கொண்டிருந்தவர். நாவில் தேன் என்பது துளியும் கிடையாது. ஆலயக் கூடத்திற்குக் கூரை போடும் பணி நடந்துகொண்டிருந்தது. கூட்டம் கூடும்போதெல்லாம் செபம் முடிந்த மறுநொடியே, "பில்லு எங்கீங்க, சாமி?" என்பார். ஒருமுறை, "நாங்க விசைத்தறியில நின்னு சம்பாரிச்ச காசுங்க, உண்டியல்ல போட்டதோட முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க" என்று நம் முகத்துக்கு நேரே சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. சொன்ன விதம்தான் நம்மைப் புண்படுத்தியது. இளைஞர்கள் எதிரில் நம் மதிப்பு குறைந்ததாக எண்ணினோம். நம் பக்கம் சாய்ந்தவர்கள் வந்து, "அவர் எப்போதும் அப்படித்தான், சாமி, கூட்டத்தின் அமைதியே கெடுகிறது" என்றார்கள். பேரவையின் காலம் முடிந்து புதிய பேரவை அமைத்தபோது, அவர் பெயரை விட்டுவிட்டோம். யாரையும் நீக்கவில்லை, விட்டுவிட்டோம், அவ்வளவுதான். அதற்கு 'ஒற்றுமை' என்று பெயரும் வைத்துக்கொண்டோம்.

அதன்பின் கூட்டங்கள் இனிமையாயின. அரை மணி நேரத்தில் முடிந்தன. தேநீரும் முறுக்கும் வந்தன. கணக்கைக் கவனித்த இளைஞர் எல்லாரிடமும் அன்பாகப் பழகுபவர். நமக்கு மிகவும் பிடித்தமானவர். இரண்டு ஆண்டுகள் கழித்து, நமக்கு மாற்றல் வந்து கணக்கை ஒப்படைக்கும் வேளையில், ஒரே சிமெண்டுக்கு இருமுறை பணம் எழுதப்பட்டிருப்பது தெரிந்தது. தோண்டத் தோண்ட மேலும் வந்தது. ஓர் இலட்சத்திற்கும் மேல். விசைத்தறித் தொழிலாளர்கள் பத்தும் இருபதுமாக ஞாயிறுதோறும் கொடுத்த பணம்.

பணத்தை விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அந்த இளைஞர் முதலில் எடுத்தது மருத்துவச் செலவுக்கு, திருப்பி வைக்கும் எண்ணத்தோடு. யாரும் கேட்கவில்லை. இரண்டாம் முறையும் யாரும் கேட்கவில்லை. மூன்றாம் முறைக்குக் காரணமே தேவைப்படவில்லை. வெட்கம் தாளாமல் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போனார். இன்றுவரை எந்த ஆலயத்திலும் அவரைக் கண்டதாக எவரும் சொல்லவில்லை. முதல் மாதமே "பில்லு எங்கீங்க?" என்னும் கேள்வி எழுந்திருந்தால், அவர் சிவந்த முகத்தோடு ஒரு சிறு தொகையைத் திருப்பிக் கட்டிவிட்டு இன்றும் ஞாயிறுதோறும் முதல் வரிசையில் அமர்ந்திருப்பார். புளிப்பு நல்லவர்களின் உரிமையை மட்டும் காப்பதாக நாம் எண்ணியிருந்தோம். சோதனையில் நிற்பவனுக்கும் அதுவே அரண் என்பதை நாம் எண்ணவில்லை.

அப்படியானால் கடுஞ்சொல் பேசுவோரையெல்லாம் காவலர் என்று கொண்டாட வேண்டுமா? இந்த முடிவுக்கு எவரும் விரைந்துவிடக் கூடாது. ஒவ்வொரு பங்கிலும், ஒவ்வொரு குடும்பத்திலும், உண்மையைப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு காடியை ஊற்றுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். எப்படி வேறுபடுத்துவது? குடுவையிலிருந்தே ஒரு குறிப்பை எடுத்துக்கொள்ளலாம். பழத்தின் புளிப்பு பழத்தோடு வருகிறது. மூடிய குடுவையிலும் அது அதுவாகவே இருக்கும். மதுவைக் காடியாக்கும் நுண்ணுயிருக்கோ காற்று வேண்டும். காற்றில்லாமல் அது வளராது. மனக்கசப்பால் பேசுகிறவனுக்கும் அரங்கு வேண்டும், கேட்போர் வேண்டும், தேநீர்க் கடை வேண்டும், இக்காலத்தில் கைப்பேசிக் குழுக்கள் வேண்டும். நம் பெரியவர் பேரவைக்கு வெளியே நம்மைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை என்பதைப் பின்னர் பலர் சொல்லக் கேட்டோம். மேலும், காடியைச் சுவைக்க வேண்டியதில்லை. மூக்கே அறியும், ஏனெனில் அது ஆவியாகிப் பரவும் தன்மையுடையது. பழத்தின் புளிப்புக்கு அப்படிப் பரவும் மணம் இல்லை. அருகில் சென்று சுவைத்தவனுக்கே தெரியும். நாம் அவரை அருகில் சென்று சுவைத்ததில்லை.

சினத்தைப் பற்றி அக்குவினார் சொல்வதும் இங்கே நினைவுக்கு வருகிறது. அறிவு பணிக்கும் இடத்தில் சினங்கொள்ளாதிருப்பதும் குறையே என்கிறார் அவர். கீழிருப்பவர் மேலிருப்பவரைத் திருத்தலாமா என்னும் வினாவையும் எழுப்பி, மரியாதையோடு திருத்தலாம் என்று விடையளிக்கிறார். பவுல் பேதுருவை முகத்துக்கு நேரே எதிர்த்ததை அவரும் எடுத்துக்காட்டுகிறார். இவற்றையெல்லாம் படித்துத் தேர்ச்சியும் பெற்ற நமக்கு, கரும்பாலையில் வேலை செய்த ஒருவர் முன்னால் நின்றபோது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

புளிப்பைச் சமன்செய்ய வேறு வழியே இல்லையா என்றால், உண்டு. அது நம் அடுக்களையிலேயே இருக்கிறது. புளிக்குழம்பு மிஞ்சிப் புளித்தால் நம் தாய்மார் சுண்ணாம்பைத் தேடுவதில்லை. ஒரு துண்டு வெல்லம் போடுவார்கள். புளியின் அளவு குறைவதில்லை, ஆனாலும் நாவு இணங்குகிறது. நம் நண்பரும் இரண்டாம் குடுவையில் இறுதியாகச் சிறிது தேன் கலந்தார். (எஞ்சிய ஈஸ்ட் அதைத் தின்று மறுபடியும் பொங்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும், அது வேறு கதை.) பெரியவரின் கேள்வி முடிந்ததும், "நன்றி, ஐயா, அடுத்த கூட்டத்தில் பில் இருக்கும்" என்று நாம் சொல்லியிருக்கலாம். ஒரு துண்டு வெல்லத்துக்கு மேல் அது செலவு வைத்திருக்காது. புளிப்பு குறைவாக இருக்கும் இடத்தில் அதைச் சேர்க்கவும் வேண்டும். தேனை மட்டும் புளிக்கவைத்த மது சப்பென்று இருந்தால் எலுமிச்சையைப் பிழிவோர் உண்டு. ஆயினும் அதைத் தொடக்கத்திலேயே செய்யலாகாது என்கிறார்கள், அனுபவம் உள்ளவர்கள். புளிக்கும்போதே தேன்மதுவின் அமிலம் சட்டென்று ஏறி ஈஸ்டை முடக்கிவிடுமாம். எல்லாம் முடிந்து, தெளிந்து, சுவை பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவரை முதல் நாளே கண்டிப்பால் நிமிர்த்த முயலும் நம்மைப் போன்றோர் இதையும் கவனிக்கலாம்.

ஆண்டவருடைய பாடுகளின்போது, சிலுவையில் அறையப்படுமுன் ஒருமுறையும் சிலுவையில் தொங்கியபோது ஒருமுறையும், அவருக்குப் பானம் நீட்டப்பட்டது. வலியை மரக்கச் செய்வதற்காக வெள்ளைப்போளம் கலந்து கொடுத்ததை அவர் ஏற்கவில்லை என்கிறார் மாற்கு. இறுதியில் படைவீரரின் புளித்த இரசத்தை ஏற்றுக்கொண்டார் என்கிறார் யோவான். இதற்கு மறைவல்லுநர்கள் பல விளக்கங்கள் தருகின்றனர். மரக்கச் செய்வதை மறுத்தவர் புளிப்பை மறுக்கவில்லை என்பது மட்டும் நமக்கு இப்போதெல்லாம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

நண்பர் விடுமுறைக்குக் கணபதி வந்தபோது, சட்டம் அனுமதித்த அளவுக்குள் அந்த இரண்டாம் குடுவையின் மதுவில் ஒரு சிறு போத்தல் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பெரியவரும் இப்போது கணபதியில்தான் இருக்கிறார். மகன் சிறு பட்டறை வைத்திருக்கிறார். எண்பதைக் கடந்த வயது. போத்தலையும் ஒரு பையையும் எடுத்துக்கொண்டு ஒரு மாலையில் அவர் வீட்டுக்குப் போனோம். எழுந்து நிற்க முயன்றவரை அமரச் செய்தோம். அந்த நாளைப் பற்றி நாம் பேச வேண்டியதைப் பேசினோம். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. அவர் நெடுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சுண்ணாம்புக் கதையைச் சொன்னோம். முதன்முறையாகச் சிரித்தார். "சுண்ணாம்பு மிஞ்சிப்போச்சுன்னா வெல்லம் கருத்துப்போயிருமுங்க, சாமி. பதம் பாத்துத்தானுங்க தெளிக்கோணும். அவசரப்பட்டா கொப்பரையே வீணாப் போயிருமுங்க" என்றார். ஒரு தேக்கரண்டி மதுவை நாவில் விட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் புளிப்பு இருக்குதுங்களே" என்று கண்ணைச் சுருக்கினார்.

சற்று நேரம் கழித்து, "அந்தக் கூரைக் கணக்கு முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டார். பாதிப் பணம்தான் திரும்ப வந்தது என்றோம்.

"பில்லெல்லாம் வெச்சிருக்கீங்களா?"

பையைத் திறந்து நகல்களை அவர் முன் வைத்தோம். தம் கண்ணாடியை எடுத்துவரும்படி பேரனை அழைத்தார்.